வெயிட்டுக்கு ஒரு டப்பா

மார்ச் 3, திங்கள்

ஜிம்மில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒருவர் முன்னால் நின்று கையை மடக்கி மடக்கி மஸிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கொஞ்சம் நகருங்க. நீங்க தேடுறது கிடைச்சா நானே எடுத்து வெச்சுக் கொடுக்கிறேன்" என்றேன். கோச் டிரேவர் சிரித்த சிரிப்பில் டம்பெல் அவன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை.

மத்தியானம் ஜிம் காலியாக இருக்கும் நேரத்தில் ஐரினை வரச் சொல்லி எடை பார்த்தேன். நாற்பத்து மூன்றரை. என் மகள் என்றால் யாரும் நம்புவதில்லை, நான் இரண்டு ஐரின் இருப்பேன்.

போலீஸ் வேலைக்கு நாற்பத்தைந்து வேண்டும். எழுத்துப் பரீட்சை பாஸாகிவிட்டாள். ஏப்ரல் பதினாறு உடல் தேர்வு. முதலில் எடை, அப்புறம்தான் ஓட்டம்.

"ஒன்றரைக் கிலோ தானேடி. ஒரு கோழிய முழுசா முழுங்கிட்டு மெஷின் மேல ஏறி நில்லு" என்றேன்.

"மா, எல்லாத்துக்கும் சிரிக்காத" என்றாள்.

போன தடவை எழுத்திலேயே போனது. இந்தத் தடவை விட்டால் அடுத்த அறிவிப்பு எப்போது வருமோ. ஒன்பது வயதில் மாதா தேர்பவனியின்போது ஒரு பெண் போலீஸ் ஒற்றைக் கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்தியதைப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது மொபைல் கடையில் நின்றுகொண்டு கவர் விற்கிறாள்.

மார்ச் 5, சாம்பல் புதன்

பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வருகிறோம். கோயில் கேட்டைத் தாண்டவில்லை, சொல்லிவிட்டாள். ஈஸ்டர் வரை கறி இல்லை, மீன் இல்லை, முட்டையும் இல்லை. வேலை கிடைப்பதற்கு நேர்ச்சையாம்.

"கறியை விடு, சரி. முட்டை என்னடி பாவம் பண்ணுச்சு?"

"நேந்துக்கிட்டேன். முடிஞ்சுது."

"ஆண்டவர் நாப்பது நாள் உபவாசம் இருந்தாரு. அவரு மெஷின்ல ஏறி எடை காட்டணும்னு யாரும் சொல்லலியே."

முறைத்தாள். என் வீட்டுக்காரர் மதலைமுத்து, "விடு அல்போன்சா. பயறு இருக்கு, கடலை இருக்கு, தயிர் இருக்கு" என்றார். அவருக்கென்ன. பெயின்ட் வேலை முடிந்து வந்தால் எதைப் போட்டாலும் உள்ளே போகும். இவள் முளைகட்டின பயறை எண்ணித் தின்கிறவள். சோயா உருண்டை போட்டுக் குழம்பு வைத்தேன், செருப்பு வார் மாதிரி இருக்கிறதாம்.

ஜிம்மில் பவுடர் விற்கிறார்களே, கேட்கட்டுமா என்றேன். கத்திவிட்டாள். "பவுடர் மட்டும் வேணாம்மா. அந்த டப்பாவுல என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. கிரவுண்டுக்கு வர்ற ஒருத்தன் அதைத் தின்னு கிட்னி வீங்கிப் படுத்திருக்கான்."

எந்த ஒருத்தனோ.

மார்ச் 8, சனி

லாக்கரை ஒழித்தபோது பணம் கட்டாமல் நின்றுபோன ஆட்களின் பவுடர் டப்பா இரண்டு கிடைத்தது. பெரிதில் பாதி, சிறிதில் முக்கால். தேதி இன்னும் மூன்று மாதம் இருக்கிறதாம். டிரேவரிடம் வீட்டுக்கு வேண்டும் என்றேன்.

"உங்களுக்கும் அண்ணனுக்குமா ஆன்ட்டி?"

ஆமாம் என்றேன். ஐரினுக்கு என்று சொன்னால் அவளிடமே போய் எப்படி இருக்கிறது என்று கேட்பான். அவன் வாய் குழாய் மாதிரி, மூடத் தெரியாது.

"பெருசு பாடிக்கு. சின்னது வெயிட்டுக்கு" என்றான். பெரிதின் மேல் இருப்பதைப் படித்து மாஸ் என்றான்.

"மாஸா? இதைக் கலக்கிக் குடிச்சா ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போக வேணாமா?"

"சும்னே இருங்க ஆன்ட்டி" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

பாடிக்கு உள்ளது வீட்டுக்காரருக்கு. நாள் பூராவும் ஏணி மேல் நிற்கிற ஆள், உடம்பு தளர்ந்துதான் இருக்கிறது. வெயிட்டுக்கு உள்ளது ஐரினுக்கு. எவர்சில்வர் சம்படத்தில் கொட்டி ராகி மாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். காலி டப்பாவை ஜிம்முக்கே எடுத்துப் போய் சோப்புப் பவுடர் போட்டுக்கொள்ளலாம், மூடி நன்றாக இருக்கிறது.

தப்புதான். அவள் வேண்டாம் என்றதைக் கொடுக்கிறேன். ஆனால் சின்ன வயதில் வேப்பெண்ணெய் வேண்டாம் என்றும்தான் அழுதாள். மூக்கைப் பிடித்து ஊற்றவில்லையா?

மார்ச் 10, திங்கள்

ராகிக் கஞ்சி, வெல்லம், பால், ஒரு கரண்டி பவுடர்.

"என்னம்மா வாசனை?"

"புது ஏலக்காய்."

குடித்துவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

நானூறு மீட்டரில் ஆறு செகண்ட் குறைத்துவிட்டாள்! கூட ஓடும் அனுஷா வீடு வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள். "ஆன்ட்டி, இவ கால்ல என்ன கட்டி விட்டீங்க? சக்கத்தா, சூப்பரா ஓடுறா." எனக்கு வயிறு குளிர்ந்தது. சிலுவைப் பாதையில் முட்டி போட்டபோதுகூட சிரிப்பு வந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டவரே மன்னியும். எல்லாம் அந்த ஏலக்காய்.

மார்ச் 19, புதன்

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டாள். நேற்றும். பசியே இல்லையாம். "வாய்க்குப் பூட்டு போட்டுட்டியா, சாவி எங்க?" என்றேன். கஞ்சியை மட்டும் குடிக்கிறாள், அதுவும் என் முகத்துக்காக. பரீட்சை பயமாக இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

பூசைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரருடைய பேன்ட் பட்டன் போட முடியவில்லை. மூச்சைப் பிடித்து உள்ளே இழுத்து நிற்கிறார், நான் முன்னால் நின்று இழுக்கிறேன். "என்னா மனுஷா, மாசம் எத்தனை?" என்றேன். "உன் பவுடர்தான்டி" என்று வெட்கப்படுகிறார்.

ஐரின் நாற்பத்தியிரண்டு அறுநூறு.

மெஷின் கெட்டுவிட்டதோ என்று நானே ஏறிப் பார்த்தேன். கெடவில்லை. ஓடி ஓடிக் கரைகிறாள். ஒரு கரண்டி போதவில்லை போல. நாளையிலிருந்து இரண்டு.

மார்ச் 28, வெள்ளி

கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது. தூக்கம் வருவதில்லை என்றாள். கடையில் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டும்போது கை நடுங்கிக் கோணலாகிவிட்டதாம், ஓனர் திட்டினாராம். "மா, சும்மா உக்காந்திருந்தாலே நெஞ்சு குதிக்குது" என்று என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி இருந்தது.

நேர்ச்சையை விடுடி, ஒரு முட்டை சாப்பிடு என்று கெஞ்சினேன். நான் கெஞ்சிப் பழக்கமில்லை. அவளும் பயந்துதான் பார்த்தாள். ஆனால் மாட்டேன் என்றாள்.

டாக்டரிடம் போகலாம் என்றால் அதற்கும் மாட்டாளாம். ஏதாவது எழுதிவிட்டால் மெடிக்கலில் தள்ளிவிடுவார்களாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு அனுஷா போன். ஐரின் கிரவுண்டில் விழுந்துவிட்டாள் என்றாள். நான் சிரித்தேன். "ஏன்டி, ஊரையே ஏமாத்துற என்னையே ஏப்ரல் ஃபூல் ஆக்கப் பாக்குறியா?" என்று கேட்டேன். அவள் அழுதாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

சிரித்தேனே.

ஆஸ்பத்திரியில் நாடி நூற்று நாற்பதுக்கு மேல். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் பாகீரதி என்று ஒரு அம்மா, சின்ன உருவம், பெரிய கண்ணாடி. "மாத்திரை ஏதாவது? பவுடர்? எனர்ஜி டிரிங்க்? உண்மை சொல்லும்மா, நான் பைய மாட்டேன், திட்ட மாட்டேன்" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்டுச் சாப்பாடு மட்டும்தான். சத்தியமா" என்றாள் ஐரின்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னையும் பார்த்துக் கேட்டார்கள்.

இல்லை என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இதயத்துல பிறவியிலேயே ஏதாச்சும் இருக்கலாம், ஸ்கேன் பாக்கணும், அதுவரைக்கும் ஓடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வார்டுல சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா. அழுகக்கூட இல்ல. "எனக்குள்ளயே கோளாறும்மா. யாரச் சொல்றது?"ன்னா. யாரச் சொல்றதாம்.

பவுடரா இருக்குமா? சத்துப் பவுடர் எப்படி நெஞ்சப் பிடிக்கும்? அவருக்கும்தானே கொடுக்குறேன், அவரு நல்லாத்தானே இருக்காரு, கொறட்டை விட்டுத் தூங்குறாரு. அப்போ இல்ல. பவுடர் இல்ல.

இல்லன்னா ஏன் இன்னிக்குக் காலையில கஞ்சியில போடல நான்?

ஏப்ரல் 3, வியாழன்

ஜிம்முக்குப் போனேன். டிரேவர் உருளை மாதிரி இருக்கும் ஒரு மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தான். "பாடிக்கா, வெயிட்டுக்கா மேடம்?" என்று கேட்டான். "வெயிட்டுக்குத்தான், பத்து கிலோ இறங்கணும்" என்றார் அவர்.

துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

ஆறு வருஷமாக அந்த ஜிம்மைப் பெருக்குகிறேன். வெயிட்டுக்கு வந்தேன், வெயிட்டுக்கு வந்தேன் என்று தினமும் காதில் விழுகிறது. அங்கே வெயிட்டுக்கு என்றால் குறைக்க. ஒரு ஆள்கூட ஏற்ற என்ற அர்த்தத்தில் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதா? தெரியும். எத்தனை பேரை அதை வைத்தே கிண்டல் பண்ணியிருக்கிறேன். ஆனால் என் வீட்டில் வெயிட்டு என்றால் ஐரினிடம் இல்லாதது. அந்த டப்பாவைக் கையில் வாங்கும்போது நான் ஜிம்மில் நிற்கவில்லை, என் வீட்டில் நின்றேன்.

டிரேவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். சின்ன டப்பா இளைக்க, பெரியது பருக்க என்றான். "ஏன் ஆன்ட்டி, யாருக்குக் கொடுத்தீங்க?"

சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அவன் மேல் குற்றம் இல்லை. ஐரினுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பான்.

பாத்ரூமில் இருந்த டப்பாவிலிருந்து சோப்புப் பவுடரைக் கொட்டிவிட்டுக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருக்கிறேன். எப்படிச் சொல்வேன்? வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்தார். "நாளைக்கு நீதான் சொல்லணும். நான் கூட வரேன், ஆனா நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஐரின் கட்டில் பக்கத்தில் வைத்தே. டப்பாவை டாக்டர் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பொடி எழுத்தைப் படித்தார். பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு, அதற்கு மேல் தனியாகக் கேஃபீன். "தினம் ரெண்டு ஸ்கூப்பா? அஞ்சாறு ஸ்ட்ராங் காப்பி, காலி வயித்துல, அதுக்கு மேல ஓட்டம். பசியை அடிச்சுப் போடும், தூக்கத்தைக் கெடுக்கும், நெஞ்சைத் தொரத்தும். ஏன்மா, செவ்வாய்க்கிழமை கேட்டேனே உங்களை?"

பைய மாட்டேன் என்றவர்தான். நிஜமாகவே திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூன்று நாள் வேறு வழியில் தேடிவிட்டோம் என்று மட்டும் நர்ஸிடம் சொன்னார்.

இதயம் நன்றாகத்தான் இருக்கும், ஸ்கேனும் பார்த்துவிடுவோம், மூன்று வாரம் ஓடக் கூடாது என்றார். முட்டை வேண்டாம் என்றால் இருக்கட்டும், தயிர், பருப்பு, வேர்க்கடலை, பயறு, பால், வேளாவேளைக்குச் சாப்பிட்டாலே ஏறும், டப்பா எதுவும் வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரர் முதல் நாளே சொன்ன பட்டியல்.

மூன்று வாரம் என்றால் பதினாறாம் தேதி? டாக்டர் ஐரினைப் பார்த்தார்.

ஐரின் கத்துவாள் என்று நினைத்தேன். டாக்டர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏலக்காய்னு சொன்னியேம்மா."

அவ்வளவுதான் சொன்னாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அவளுக்கு அவளே சமைத்துக்கொள்கிறாள். தனிச் சட்டி. பயறைத் தானே ஊறவைத்து, தானே கட்டிவைத்து, கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள்.

சமையல்கட்டில் அவள் நிற்கும்போது நான் வெளியே போய்விடுகிறேன்.

ஏப்ரல் 16, புதன்

போவேன் என்றாள். போனாள். ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்றதற்கு, "எடை மெஷின் வரைக்கும் நடந்துதானே போகணும்" என்றாள்.

அப்பாவும் கூட வர வேண்டாமென்றாள், என்னையும் வேண்டாமென்றாள். நான் பின்னாலேயே வேறு பஸ் பிடித்துப் போய் மைதானத்துக்கு வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். கம்பி வழியாகத் தெரிந்தது. பெண்கள் வரிசை. மார்பில் நம்பர் கட்டியிருந்தார்கள்.

மைக்கில் சொன்னது கேட்டது, நாற்பத்து மூன்று கிலோ நூறு. ஓடவே விடவில்லை.

வெளியே வந்துவிடுவாள் என்று பார்த்தேன். வரவில்லை. கம்பிப் பக்கம் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அனுஷா ஓடும்போது எழுந்து நின்றாள். இரண்டு கையையும் வாயில் குவித்து அவள் பெயரைக் கத்தினாள். எனக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டது, வண்டிச் சத்தத்துக்கு மேல். அனுஷா பாஸ்.

நான் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

என் பிள்ளை ஆறு செகண்ட் குறைத்தாள். அதுவும் அவள் கால் இல்லையோ, அந்தப் பவுடரோ என்று இனி அவளே சந்தேகப்படுவாள். அதையும் சேர்த்துத்தான் கெடுத்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மட்டன் பிரியாணி போட்டேன். தட்டில் வைத்தும் ஐரின் கையை வைக்கவில்லை.

"இதுல என்ன போட்ட?"

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கறி, அரிசி, வெங்காயம், தக்காளி, தயிர், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், எண்ணெய், உப்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஏலக்காய்?"

"ரெண்டு."

சாப்பிட்டாள். நான்கு வாய்.

மே 6, செவ்வாய்

ஈஸ்டரிலிருந்து என் சமையலையும் சாப்பிடுகிறாள், ஆனால் ஒவ்வொரு வேளையும் என்ன போட்டேன் என்று கேட்கிறாள். ரசத்துக்கும் கேட்கிறாள். வெறும் மோருக்கும். கோபமாக இல்லை, டிக்கெட் கேட்கிற கண்டக்டர் மாதிரி. நானும் சொல்கிறேன். ஒரு நாள் பழைய ஞாபகத்தில், "உப்பு, மஞ்சள், கொஞ்சம் உங்கப்பன் கோபம்" என்றேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இனி அப்படிச் சொல்வதில்லை.

ஜிம்மில், "அக்கா, என் தொப்பைய நீங்க விசாரிச்சே ஒரு மாசம் ஆச்சு" என்றார் கண்ணாடி முன்னால் கை மடக்குகிற அந்த ஆள். நல்லாயிருக்கு சார் என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன். அவர் முகம்தான் வாடிப்போனது.

மே 25, ஞாயிறு

அனுஷாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஸ்வீட் எடுத்துக்கொண்டு வந்தாள். ஐரின் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். தூக்குகிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. அனுஷா போனதும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

கதவுக்கு வெளியே நின்றேன். தட்டவில்லை. தண்ணீர் வீணாகிறது என்றும் சொல்லவில்லை.

ஜூன் 2, திங்கள்

காலையில் ஷூ போட்டுக்கொண்டு போனாள். டாக்டர் சரி என்றுவிட்டாராம். திரும்பி வந்து அவள் அப்பாவிடம், "பழைய டைம்ல ரெண்டு செகண்ட்தான் கம்மிப்பா. ஆனா இது நான் ஓடுனது" என்றாள். நான் அங்கேயேதான் இருந்தேன், வெங்காயம் உரித்துக்கொண்டு. வெங்காயம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் எனக்குக் கால் வலி, படுத்துவிட்டேன். ஐரின்தான் சமைத்தாள், எல்லாருக்கும் சேர்த்து. முட்டைக் குழம்பு, பச்சைப் பயறு சுண்டல். அவள் தனிச் சட்டி வைத்து இரண்டு மாதத்துக்கும் மேலாகிறது, அதிலிருந்து எனக்கு ஒரு பிடி வந்ததில்லை. அப்பாவுக்கு வைத்தாள், தனக்கு வைத்துக்கொண்டாள், எனக்கும் தட்டு வைத்தாள். மூன்று முட்டை இருந்தது, ஆளுக்கு ஒன்று.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வாய் நிற்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"இதுல என்ன போட்ட?"

கேட்டதும் உயிர் போய்விட்டது. வீட்டுக்காரர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ஐரின் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"ரெண்டு ஸ்கூப்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தன் முட்டையைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை என் தட்டில் போட்டாள். "வெயிட்டுக்கு."

எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன்.